பாயிண்ட்டைக் கழற்றிவிட்டு போனை மாட்டினேன்: பழைய பீட்டிலில் புளூடூத் டிஸ்ட்ரிபியூட்டர், ஓராண்டுக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை மாட்டியதால் என் கார் வேகமாக ஓடவில்லை. பவர் கூடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும்போது பதினோரு வருடமாக என் பீட்டில் செய்துவந்த ஒரு கிறுக்குத்தனம் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் மூச்சை அடக்கி, "போகலாமா?" என்று யோசித்துவிட்டு அப்புறம்தான் இழுக்கும். அதைச் சரிசெய்யக் கார்பரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவியிருக்கிறேன். கோளாறு அங்கே பாதிதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

கார் 1971 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 1584 சிசி, டூயல் போர்ட் ஹெட், சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்பரேட்டர். என் கைக்கு வந்தபோதே முன்னால் வைத்திருந்தவர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் நேரத்தில் பொறியைப் பிரித்துக்கொடுக்கும் அசல் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு பாஷ் 009 மாட்டியிருந்தார். பீட்டில் வைத்திருக்கும் யாரிடம் 009 என்று சொன்னாலும் ஒரு பெருமூச்சு வரும். கெட்டியான சாமான், லேசில் கெடாது. ஆனால் எஞ்சினின் உறிஞ்சலைப் பார்த்துப் பொறியை நகர்த்தும் வேக்குவம் அதில் கிடையாது. உள்ளே இருக்கும் இரண்டு எடைக்கட்டிகள் சுழற்சி வேகத்தில் வெளியே விரிந்தால்தான் ஸ்பார்க் முன்னால் நகரும், அட்வான்ஸ் என்பது இதைத்தான். எஞ்சின் சுமையோடு ஓடுகிறதா, சும்மா உருளுகிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

டைமிங் பற்றி இரண்டு வரி சொல்லாமல் மேலே போக முடியாது. பெட்ரோல் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் எடுக்கும். பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம், அதாவது டிடிசி, வருவதற்கு முன்பே பொறி வைத்துவிட்டால்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். 850 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஏறத்தாழ 5 டிகிரி சுற்றுகிறது. 3000-இல் அதே நேரத்துக்குள் 18 டிகிரி. எரிவதற்கான நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை, ஆகவே வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே வைக்க வேண்டும். எடைக்கட்டிகள் செய்வது இதைத்தான். ஆனால் லேசாக மிதித்துச் சமவெளியில் உருளும்போது சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவு, அது இன்னும் மெதுவாக எரியும், இன்னும் கொஞ்சம் முன்னால் வேண்டும். முழுக்க மிதித்து மேடு ஏறும்போது அடர்த்தி அதிகம், சீக்கிரம் எரியும், அந்தக் கூடுதலைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். இதுதான் வேக்குவத்தின் வேலை. 009-இல் இல்லாதது இதுதான்.

பொறிக்கு மின்னழுத்தத்தை ஏற்றும் காயிலின் கரண்டை வெட்டிவிடும் பாயிண்ட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு சின்ன எலக்ட்ரானிக் மாட்யூலை உள்ளே வைக்கிற வழியும் உண்டு. அதை நான் ஏற்கெனவே செய்து பார்த்தேன். மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்கிற அந்தப் பாயிண்ட்டைத் தேய்த்து 0.4 மிமீ கேப் வைக்கும் தொல்லை போயிற்று, அவ்வளவுதான். எடைக்கட்டியும் ஸ்பிரிங்கும் அப்படியேதான் இருக்கும், எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரி என்ற அட்வான்ஸ் வளைவு மாறாது. புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் அந்த ஆட்டமும் அப்படியே இருக்கும். பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தபோது என் புல்லியின் வெட்டு ஒரு இடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று டிகிரி அகலத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

வாங்கிய பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கம்பெனியின் சப்போர்ட்டைப் பற்றிக் கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான். இந்த ரகத்தில் வருபவை அடிப்படையில் ஒரே மாதிரிதான். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண டிஸ்ட்ரிபியூட்டர். அதே கேப், அதே ரோட்டர், கீழே அதே நாக்கு. உள்ளே எடைக்கட்டி இல்லை, ஸ்பிரிங் இல்லை. ஒரு சென்சார், ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஒரு அழுத்த சென்சார், புளூடூத். அட்வான்ஸ் வளைவைப் போனில் வரைந்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும்.

மாட்டுவது கஷ்டமே இல்லை. ஒன்றாம் சிலிண்டரை டிடிசிக்குக் கொண்டுவந்து, 13 மிமீ நட்டைத் தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருக வேண்டும். அடியில் இருக்கும் நாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் தவறான பக்கம் உட்காரவே உட்காராது. பீட்டிலை வடிவமைத்தவர்கள் என்னைப் போன்றவர்களை நினைத்து வைத்திருப்பார்கள் போல. சிவப்பு ஒயர் காயிலின் 15 என்ற முனைக்கு, கறுப்பு 1 என்ற முனைக்கு. இக்னிஷனை ஆன் செய்து டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை மெல்லத் திருப்பினால் உள்ளே ஒரு பச்சை விளக்கு எரியும், எரியத் தொடங்கிய இடத்தில் நட்டை இறுக்க வேண்டும். ஒயர் மாறிப்போனால் பெட்டி போய்விடும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு காயிலை மூன்று முறை பார்த்தேன்.

கையேடு என்று சொன்னது மரியாதைக்குத்தான். மடித்த இரண்டு தாள். வளைவை எப்படி வரைவது, எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. "உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற வளைவை உள்ளிடவும்." சரி, அது தெரிந்திருந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்?

என் முதல் தவறு அங்கேதான் நடந்தது. ஒரு பழைய சர்வீஸ் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து அப்படியே போனில் போட்டேன். கடைசி வரி 1600-க்கு 11 டிகிரி. ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 8 வைத்திருந்தேன், ஆக மொத்தம் 19. வண்டி ஓடியது. ஆனால் மண் மூட்டை ஏற்றிய மாதிரி ஓடியது. மூன்றாவது கியரில் கால் தரையைத் தொட்டும் நகர மனசில்லை. நிறுத்தி இறங்கியபோது சைலன்சர் பக்கம் போக முடியாத சூடு. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் அட்டவணையின் தலைப்பை ஒழுங்காகப் படித்தேன். அவை டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, டிஸ்ட்ரிபியூட்டர் ஆர்பிஎம். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இரண்டு எண்ணையும் இரட்டிக்க வேண்டும், 3200-இல் 22, ஐடிலிங்கின் 8-ஐச் சேர்த்தால் 30. ஆப் கேட்பது கிராங்க் டிகிரி. இதைக் கொட்டை எழுத்தில் ஆப்பின் முகப்பிலேயே போட்டிருக்கலாம்.

பொறி தாமதமானால் எரிதல் முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், சூடெல்லாம் குழாய் வழியே போகும். அதனால்தான் சைலன்சர் அப்படிக் கொதித்தது. எதிர்ப்பக்கம் தவறினால் ஆபத்து இன்னும் பெரிது. பொறி மிகவும் முந்தினால் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொண்டு பிஸ்டன் தலையில் அடிக்கும். அதுதான் நாக்கிங். முன்னால் எஞ்சின் இருக்கும் கார்களில் அது காதில் விழும். பீட்டிலில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால், அதுவும் ஃபேன் இரைச்சலோடு. எனக்கு இடது காது வேறு அரைகுறை. ஆகவே மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். ஒரு நீண்ட மேட்டில், நாலாவது கியரில், 2000 ஆர்பிஎம்மில் முழுக்க மிதித்தேன். ஆப்பில் ஓட்டும்போதே ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி இறக்க இரண்டு பொத்தான் இருக்கிறது. போன் அவள் கையில்.

"இன்னும் ஒண்ணு ஏத்தவா?"

"ஏத்தும்மா."

"இப்ப ஏதோ... அப்பா, டப்பால சில்லறை போட்டுக் குலுக்குற மாதிரி கேக்குது."

"இறக்கு, இறக்கு! ரெண்டு இறக்கு."

இதே மேட்டை அன்றைக்கு ஏழு முறை ஏறினோம். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு பொத்தான்தான். முன்பு இதையே செய்ய வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி, மூடியைத் திறந்து, கொதிக்கும் எஞ்சினில் கை சுட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி மேட்டின் அடிவாரத்துக்குப் போக வேண்டும். அப்போதும் முழு வளைவும் சேர்ந்து நகருமே தவிர 2000-ஐ மட்டும் தொட முடியாது.

அடுத்தது வேக்குவம் குழாய். 34 பிக்ட்-3-இல் இதற்கு இரண்டு மூக்கு உண்டு. ஒன்று, காற்றைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளைக்குச் சற்று மேலே திறக்கிறது, மற்றது அதற்குக் கீழே. கண்ணில் முதலில் பட்டதில் குழாயைச் செருகினேன். ஐடிலிங்கில் ஆப் 98 கிலோபாஸ்கல் காட்டியது, அதாவது வெளிக்காற்றின் அழுத்தம். சென்சார் செத்துவிட்டது என்று பயந்து கம்பெனிக்கு மெயில் எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு யோசித்தால், பட்டர்ஃபிளை மூடியிருக்கும்போது மேல் மூக்குக்கு உறிஞ்சல் எப்படிப் போகும்? பழைய வேக்குவம் டப்பாவுக்கு அதுதான் சரி. ஆனால் இந்தப் பெட்டி சுமையை அளக்கப் பார்க்கிறது, அதற்குப் பட்டர்ஃபிளைக்குக் கீழே, கலவை எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம் வேண்டும். குழாயை மாற்றியதும் ஐடிலிங்கில் 42-க்கு இறங்கி நின்றது. சென்சார் நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது, "கையேட்டைப் பார்க்கவும்" என்று.

இப்போது ஓடும் வளைவு இது. 600-இல் 12 டிகிரி, 850-இல் 8, 950 வரை அதே 8, அங்கிருந்து செங்குத்தாக ஏறி 1400-இல் 17, 2500-இல் 25, 3200-இல் 30, அதற்கு மேல் தட்டை. அழுத்தத்துக்கு வேறு கணக்கு. 90 கிலோபாஸ்கலுக்கு மேல் கூடுதல் எதுவும் இல்லை, 70-இல் 5, 50-இல் 10. என் எஞ்சினுக்கும் நான் போடும் பெட்ரோலுக்கும் இது சரி. இதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டுப் பிஸ்டன் ஓட்டையானால் என்னிடம் வராதீர்கள்.

அந்த 600-க்கு ஏன் 12 என்று கேட்பீர்கள். எடைக்கட்டியால் செய்யவே முடியாத வேலை அது. ஐடிலிங்கில் லைட் போட்டாலோ டைனமோவுக்குச் சுமை கூடினாலோ ஆர்பிஎம் தாழும். தாழ்ந்தால் அட்வான்ஸ் ஏறும், ஏறினால் எஞ்சின் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு தானே மேலே வந்துவிடும். மேலே போனால் 8-க்கு விழும், அடங்கிவிடும். வளைவில் ஒரு சின்னப் பள்ளம் மாதிரி வரைந்துவிட்டால் ஊசி அந்தப் பள்ளத்துக்குள் கோலிக்குண்டு போல உட்கார்ந்துகொள்கிறது. முன்பு 009-இல் ஹெட்லைட் போட்டதும் 850-இலிருந்து 700-க்குத் தொங்கும். இப்போது 830.

கிளம்பும்போது மூச்சடக்கும் அந்தப் பழைய கோளாறுக்கு மருந்து, 950-க்கும் 1400-க்கும் நடுவில் இருக்கும் அந்தச் செங்குத்து ஏற்றம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திறந்தால் காற்று முந்திக்கொண்டு பெட்ரோல் பின்தங்கும், ஒரு கணம் கலவை மெலியும். மெலிந்த கலவை மெதுவாக எரியும். 009-இன் எடைக்கட்டிகள் அந்த வேகத்தில் விரியவே ஆரம்பித்திருக்காது. ஆக மிக அதிக அட்வான்ஸ் வேண்டிய இடத்தில் மிகக் குறைவு. கார்பரேட்டரில், மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் ஜெட்டைக் கூட்டிக் கூட்டி இதை மறைக்கத்தான் இத்தனை வருடம் முயன்றிருக்கிறேன். இப்போது ஜெட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இனி குறைகள். முதலில் புளூடூத் விட்டுவிட்டு வந்தது, ஆப்பில் ஆர்பிஎம் கோடு பேய் பிடித்தது போல் 900-க்கும் 4000-க்கும் தாவியது. குற்றம் என் பிளக் ஒயர்களுடையது. மின்தடை இல்லாத வெறும் செம்பு ஒயர், பிளக் மூடியிலும் ரெசிஸ்டர் இல்லை. பாயிண்ட்டுக்கு அது பொருட்டே இல்லை, பக்கத்து வீட்டு ரேடியோதான் கரகரக்கும். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கோ அந்த இரைச்சல் ஆகாது. ரெசிஸ்டர் வைத்த ஒயர் போட்டதும் கோடு நேரானது. வாங்குகிறவர்கள் ஒயரையும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாட்டரி. மூன்று வாரம் நிறுத்திவைத்திருந்த ஒரு காலையில் ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டு சுற்றியது, ஸ்பார்க் வரவில்லை. வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் மயங்கிவிடுகிறது. பாயிண்ட் அப்படியில்லை. சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கொண்டுவந்த அந்த எளிய ஏற்பாடு, பாட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் மங்கலாகவாவது ஒரு பொறி கொடுக்கும். அன்றைக்குத் தள்ளித்தான் கிளப்பினேன். அதன் பிறகு பழைய 009-ஐத் துணியில் சுற்றி, பாயிண்ட் கேப் சரிபார்த்து, ஒரு 13 ஸ்பானரோடு முன் டிக்கியில் போட்டுவைத்திருக்கிறேன். கேஸ் மேல் ஒரு கீறலும் போட்டிருக்கிறேன், வழியில் மாட்ட வேண்டி வந்தால் டைமிங் லைட் தேட வேண்டாம். இதுவரை தேவைப்படவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் கோபம் வரவைத்தது. போனை மாற்றினேன். புது போன் பெட்டியைக் கண்டுபிடிக்கிறது, ரகசிய எண் கேட்கிறது. அந்த எண் பெட்டியோடு வந்த ஒரு சீட்டில் இருந்ததாம், சீட்டு எங்கே போயிற்றோ. மறுபடி மெயில், மறுபடி வாரக்கணக்கில் மௌனம். வண்டி ஓடுவதற்கு போன் தேவையில்லை, கடைசியாக அனுப்பிய வளைவு உள்ளேயே இருக்கும், அதனால் பிழைத்தேன். ஆனால் ஒரு டிகிரி மாற்ற முடியாமல் ஒரு மாதம். இப்போது அந்த எண்ணைக் காயிலின் கிளாம்ப்பில் ஆணியால் கீறிவைத்திருக்கிறேன். ஆப் நிறுவிய பழைய போன் ஒன்றும் கையுறைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய ஒரு காருக்கு ஐந்து வருடம் தாங்குமா என்று தெரியாத ஒரு போன் உதிரிபாகம் ஆகிவிட்டதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சின்னச் சின்ன வசதிகளும் உண்டு. ஆர்பிஎம் உச்சவரம்பு இருக்கிறது, 4500 வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் மறந்துவிட்டால் காயிலுக்குப் போகும் கரண்டைத் தானே நிறுத்திவிடுகிறது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்று ஒரு காயிலை நான் முன்பு எரித்திருக்கிறேன். போனிலிருந்தே பூட்டும் வசதியைத் தொடவில்லை, அந்த ரகசிய எண் கதைக்குப் பிறகு தொடப்போவதும் இல்லை.

மூன்றாம் சிலிண்டரைப் பற்றி ஒரு கேள்வி வரும். பழைய பீட்டில்களில் ஆயில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கும், அது சூடாகும். அதற்காகச் சில அசல் டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமாக வரும்படி கேமிலேயே வெட்டியிருப்பார்கள். இந்தப் பெட்டி நாலுக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கும். 1971-இல் ஆயில் கூலருக்குத் தனிக் காற்றுவழி வந்துவிட்டதால் எனக்குக் கவலையில்லை. அதற்கு முந்தைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் உச்ச அட்வான்ஸை இரண்டு டிகிரி குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? 009-ஓடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஒரு டைமிங் லைட்டும் பொறுமையும் இருப்பவர்கள். அசல் வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில் இருந்தால் வாங்காதீர்கள், அதை நன்றாகச் சர்வீஸ் செய்து எண்ணெய் விட்டாலே இதில் கிடைப்பதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். கார்பரேட்டரோ வால்வு கேப்போ சரியில்லாத எஞ்சினில் இதை மாட்டினால் எந்தக் கோளாறு எதனால் வருகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. அழுத்தக் கூடுதலை 1000-க்குக் கீழே சேர்க்காதே என்று ஒரு கட்டத்தில் சொல்லிவைத்திருந்தேன், ஐடிலிங் கெடக்கூடாது என்பதற்காக. காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுக்கும்போது ஆட்டோ சோக் ஐடிலிங்கைச் சரியாக அந்த 1000-க்கே தூக்கிவைக்கிறது. தாண்டினால் 10 டிகிரி சேருகிறது, வேகம் ஏறுகிறது. அப்புறம் விழுகிறது, 10 போகிறது, இன்னும் விழுகிறது. இரண்டு நிமிடம் வண்டி ஊஞ்சல் ஆடுகிறது. எல்லையை 1250-க்குத் தள்ளினேன். ஊஞ்சல் நின்றது, ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது 1200-இல் ஒரு சின்னக் குலுக்கல் வந்துவிட்டது. 1150 வைத்துப் பார் என்கிறாள் மகள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.